மண்ட

நகரியில் ஒரு தறிக்கொட்டகையின்
ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் நின்றிருந்தேன்,
கையில் வெல்டிங் கம்பி.
ஷீட் சொல்லிக்கொண்டு உடையாது.

பார்த்தவரெல்லாம்
புத்தூருக்குக் கொண்டுபோ என்றார்கள்.
எலும்பென்றால் அங்கே
பச்சிலையும் முட்டையும் வைத்துக் கட்டிவிடுவார்கள்தான்.
எனக்கு அறுந்தது உள்கம்பி.
எது பற்றவைத்தால் பிடிக்கும், எது பிடிக்காது என்று
வெல்டருக்கா தெரியாது?

இடுப்புக்குக் கீழே ஊசி குத்தினால் தெரியாது.
வெந்நீர் கொட்டிக் கொப்புளித்ததையே
மல்லேஸ்வரி சொல்லித்தான் குனிந்து பார்த்தேன்.
ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு
யாரும் தொடாத அதே பாதம்
தீப்பொறிக்குள் வைத்தது மாதிரி எரியும்.
பூட்டிக்கிடக்கிற வீட்டுக்கு
மாசாமாசம் கரண்ட் பில் வருமே, அப்படி.

சித்தூரில் அந்த அறை முன்பு எக்ஸ்ரே அறை.
கதவில் மஞ்சள் முக்கோணத்தை இன்னும் உரிக்கவில்லை.
பிரவல்லிகா என்கிற பெண்
அட்டையைப் பார்த்தபடி கேட்டாள்:
"மண்ட எக்கட?"
எத்தனை வருஷம் தெலுங்கு கேட்ட காது,
அன்றைக்கென்று தமிழில் இருந்தது.
"மண்டையில இல்லம்மா, பாதத்துல."
மல்லேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள்.
எரிச்சலைக் கேக்குதுய்யா அந்தப் பொண்ணு.
பிரவல்லிகா சிரிக்கவில்லை.
"ரெண்டும் சரிதான்" என்று
பேனாவால் என் நெற்றியைத் தொட்டாள்.

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லணும்.
எட்டு என்றேன்.
பேரம் பேசுகிறவன் குரல் எனக்கே கேட்டது.

கண்ணை மூடுகிற பெட்டி.
முன்னே போட்டவரின் வியர்வை அதன் பஞ்சில்.
உள்ளே குனிந்தால் இரண்டு கால்.
வெளுத்த கால், பச்சை ஷூ.
ஏதோ குளிர்நாட்டுக் காட்டில்
உதிர்ந்த ஊசியிலை மேல் நடக்கிறது.
உங்க காலுன்னு நம்புங்க, என்றாள்.
இரவல் சட்டை என்றால் நம்பலாம்.
ஏழு என்றேன்,
அவள் முகத்துக்காக.

மூன்றாவது வாரம் கேட்டாள்,
ஊரில் எங்கே நடப்பீர்கள்?
பள்ளிப்பட்டில்
கொசஸ்தலை ஆற்றுக்குக் குறுக்கே, தண்ணியில்லாத மாசத்தில்.
ஆற்றில் தண்ணியில்லாத மாசம்தானே அதிகம்.
கேமராவை மல்லேஸ்வரியிடம் கொடுத்தனுப்பினாள்,
நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு பட்டையோடு.

அடுத்த செவ்வாய்
பெட்டிக்குள் ஆறு விரிந்தது.
நான் அரையடி குள்ளமாகியிருந்தேன்.
குனிந்தேன்.
புடவைக் கரையில் நெருஞ்சி முள்,
இரண்டாம் விரலில் மெட்டி.
எனக்கு மெட்டி!
மணல் சுடுகிறதென்று
காதுக்குள் அவள் மூச்சு சொன்னது.
சுட்டது.
அது வேறு சூடு. வெளியே இருந்து வருகிற,
காரணம் இருக்கிற சூடு.
பழைய எரிச்சல் தூரத்தில்,
சந்தைக் கூட்டத்தில் கடன்காரன் தலை மாதிரி
தெரிந்து தெரிந்து மறைந்தது.
மூன்று என்றேன். பேரமில்லை.
ராத்திரி மறுபடி ஏறும், அது தெரியும்.

அப்புறம்தான் கவனித்தேன்.
வலது கால் ஊன்றுகிறது.
இடது கால் கொஞ்சம் யோசித்து வருகிறது.
எட்டுக்கு எட்டு மணலில் ஒரு சின்ன இழுப்பு.
இரண்டு வருஷமாய் என்னைக்
கட்டிலிலிருந்து நாற்காலிக்கும்
நாற்காலியிலிருந்து பஸ்ஸுக்கும் தூக்குகிற உடம்பு.
அதன் முட்டிக்குள்
பதினாலு நிமிஷம் குடியிருந்தேன்.

பெட்டியைக் கழற்றினார்கள். கண் கூசியது.
அவள் பையில் தண்ணீர் பாட்டிலைத்
திணித்துக்கொண்டிருந்தாள்.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், என்றேன்,
உன் இடது முட்டி எத்தனை?

பிரவல்லிகா பேனாவோடு நிமிர்ந்தாள்.
"பள்ளிப்பட்டு பஸ்ஸு ஒண்ணே காலுக்கு"
என்றாள் மல்லேஸ்வரி,
நாற்காலியின் பிரேக்கை
வலது காலால் தட்டிவிட்டு.